முயல்காலும் மைக்ரோஸ்கோப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 17ஆம் நூற்றாண்டில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் தோன்றியதோடு இங்கிலாந்தில் படித்தவர்களை விட்டு மூடநம்பிக்கை ஓடிவிட்டது என்று கடந்த இதழ்க் கட்டுரை சொல்கிறது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்தவரின் நாட்குறிப்புகளில் நான் படித்தது வேறு.

முப்பது வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான். "1665, ராபர்ட் ஹூக், தக்கை, செல்" என்று பிள்ளைகளை ஒரே மூச்சில் ஒப்பிக்க வைத்திருக்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் தக்கையைப் பார்த்து அதன் சிறு அறைகளுக்கு 'செல்' என்று பெயரிட்ட ஹூக்கின் புத்தகம் மைக்ரோகிராஃபியா. அது வெளிவந்த கையோடு வாங்கிப் படித்தவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஓய்வுபெற்ற பின் சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பைப் படித்தபோதுதான் அது தெரிந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையை 'இந்தியாவின் பீப்ஸ்' என்பார்களே, அந்த பீப்ஸ்தான்.

லண்டனில் கடற்படை நிர்வாக அதிகாரி அவர். 1664 ஆகஸ்டில் ஐந்தரைப் பவுண்டு கொடுத்து மைக்ரோஸ்கோப் வாங்குகிறார். மறுநாள் கணவனும் மனைவியும் மாறி மாறிக் கண்ணை வைக்கிறார்கள். பார்க்கும் வகை பிடிபடவே பெரும்பாடாகிறது. முதன்முதலாகக் குனிந்து பார்க்கும் மாணவன் "ஒண்ணுமே தெரியல சார்" என்பானே, அதே தவிப்பு.

அந்த ஆண்டின் கடைசி நாளில் தன் உடம்பு தேறியதற்குக் காரணம் தேடுகிறார். தாயத்துபோல் கூடவே வைத்திருக்கும் முயல்காலா, காலையில் விழுங்கும் டர்பன்டைன் (பைன் மரப் பிசின்) மாத்திரையா, நீள அங்கி அணிவதை விட்டதா? தெரியவில்லை என்கிறார். மூன்றையும் ஒன்றாகச் செய்தால் பலன் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? ஆய்வுக்கூடத்தில் நாம் கேட்கும் கேள்வி அது. அதில் முயல்காலுக்கும் சமமாக ஓர் இடம் தருகிறார்.

1665 ஜனவரி 20 அன்று ஹூக்கின் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அன்றே தெரிந்தவர் ஒருவர், 'உங்கள் முயல்காலில் மூட்டு இல்லை, அதுதான் பிசகு' என்கிறார். திரும்பும் வழியில் ஒரு முயலையும் வாங்கிவிடுகிறார். மனப்பிரமை என்னென்ன வேலை செய்கிறது என்று வியக்கவும் செய்கிறார். மறுநாள் உடம்பு சுகம். புது முயல்கால்தான் காரணம் என்று எழுதுகிறார். அன்றிரவு 2 மணிவரை விழித்து ஹூக்கைப் படித்துவிட்டு, வாழ்நாளில் படித்ததிலேயே இதுதான் மிகக் கூர்மதியான புத்தகம் என்கிறார். அடுத்த மாதமே ராயல் சொசைட்டி உறுப்பினர். பின்னாளில் அதன் தலைவர். 1687இல் வந்த, நியூட்டன் ஈர்ப்பு விதியை விளக்கிய பிரின்சிபியா நூலின் முகப்பில், அச்சிட அனுமதி தந்தவராக அவர் பெயர் இருக்கிறது.

ராயல் சொசைட்டியின் தொடக்கக்கால உறுப்பினரான ஜான் ஈவ்லினும் அப்படித்தான். 1680 டிசம்பரில் வால்நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, இவை இயற்கைக் காரணங்களால் வருபவை என்றே நம்புகிறேன், ஆனாலும் அலட்சியம் செய்ய மாட்டேன், இறைவனின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம் என்று எழுதினார். இவர்களை அரைகுறைகள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தனக்குள் நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் தொடரின் அடுத்த பகுதியில் இந்த நாட்குறிப்புகளுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். பீப்ஸின் கண்ணைப் பற்றியும் சொல்லுங்கள். பார்வை மங்கி வேதனைப்பட்ட 1668 கோடையில், அச்சில் வந்திருந்த, காகிதக் குழாய் வழியே பார்த்துக் கண்ணுக்குச் சிரமம் குறைக்கும் சோதனையைச் செய்துபார்க்கத் துடித்தார். அதற்குப் பிறகும் கண் வேதனை தீரவில்லை. குருடாகிவிடுவோமோ என்ற பயத்தில் 1669 மே 31 அன்று நாட்குறிப்பை நிறுத்திவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.