நம் அறிவியல் மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஒன்பது முறை கூடியது. இரண்டு மாதக் கூட்டங்கள் மழையால் நின்றுபோயின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நம் உழைப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, சேற்றில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் எடுக்கும் சேற்று பேட்டரிதான். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நுண்ணுயிர் உணவைச் சிதைக்கும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. நாம் அவற்றை மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். காற்றே புகாத சேற்றில் வாழும் ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா இரும்புத் துருவிடம் ஒப்படைக்கிறது. துருவுக்குப் பதிலாகக் கரித்துண்டை வைத்தால் அதனிடமும் கொடுக்கும். அங்கிருந்து எலக்ட்ரான்கள் கம்பி வழியே மேல்நீரில் இருக்கும் இன்னொரு கரிக்கு ஏறி, ஆக்சிஜனோடும் புரோட்டான்களோடும் சேர்ந்து தண்ணீராகின்றன. நுண்ணுயிரிடமிருந்து மின்சாரம் வருவதை டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பாட்டர் 1911-லேயே காட்டிவிட்டார்.

ஆடி மாதம் கண்மாய்ச் சேற்றை ஊறுகாய் பாட்டில்களில் நிரப்பினோம். பழைய டார்ச் பேட்டரியிலிருந்து எடுத்த கரிக்குச்சிகளை ஜி.ஐ. கம்பியில் கட்டி இறக்கினோம். அன்று மாலையே மல்டிமீட்டர் 0.8 வோல்ட் காட்டியது. எல்லோரும் கைதட்டினோம், நான் அறிவிப்புப் பலகையிலும் எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியரான நம் மூத்த உறுப்பினர் மட்டும், “தம்பி, பாக்டீரியா கரியில் ஒட்டிப் பெருகவே நாளாகுமே, இது இவ்வளவு வேகமாக வருமா?” என்று கேட்டார். நுண்ணுயிர்கள் சாகும்படி சேற்றை அவித்து இன்னொரு பாட்டில் வைத்தோம். அதிலும் அதே 0.8. கம்பியின் துத்தநாகப் பூச்சு கரைந்ததால் வந்த மின்சாரம் அது. பலகையில் எழுதியதை மறுநாளே அழித்துத் திருத்தி எழுதினேன்.

இரண்டாம் முறை உறையிட்ட செம்புக் கம்பியைக் கட்டி, சேறு படாதபடி முடிச்சை எம்-சீல் வைத்து அடைத்தோம். முதல் மூன்று நாள் மீட்டர் அசையவே இல்லை. ஐந்தாம் நாள் 0.1, பன்னிரண்டாம் நாள் 0.46. அவித்த சேறு பின்தங்கியே நின்றது. தினமும் காலை ஆறரைக்கு வந்து அளவெடுத்த இரண்டு பள்ளி மாணவிகளின் நோட்டைப் பின்வரிசை மேசையில் வைத்திருக்கிறோம், அவசியம் புரட்டிப் பாருங்கள். ஆறு பாட்டில்களைத் தொடராக இணைத்து, ஒரு மின்தேக்கியில் சேமித்து, தை மாதக் கூட்டத்தில் சிவப்பு எல்.இ.டி. ஒன்றை அரை நொடி மின்ன வைத்தோம்.

தெருவிளக்கு எரியுமா என்று பலரும் கேட்கிறார்கள். எரியாது, கிடைப்பது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். ஆனால் இந்த உயிர்கள் தின்பது கழிவை. சாக்கடை நீர் சுத்தமாவதே பெரிய லாபம், மின்சாரம் கொசுறு. 2015-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் அந்நாட்டின் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழாவில் கழிப்பறை விளக்கைச் சிறுநீரிலிருந்தே எரியவிட்டார்கள். இரண்டு கரிகளுக்கும் நடுவே தடுப்பாக வைக்கும் விலையுயர்ந்த சவ்வுக்குப் பதிலாக மண்பானைச் சுவரே போதும் என்று கரக்பூர் ஐ.ஐ.டி.யில் செய்து பார்த்திருக்கிறார்கள். பானை நமக்குப் புதிதல்ல.

எனவே அடுத்த ஆண்டு மண்கலயமும் வீட்டுக் கழிவுநீரும் வைத்துச் சோதிக்க ரூ. 1,500 ஒதுக்குமாறு வேண்டுகிறேன். ஒவ்வொரு முறையும் அவித்த மாதிரி ஒன்று கூடவே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்தில் சேர்க்கவும் கோருகிறேன்.

சேறு அள்ள வண்டி தந்தவர்களுக்கும் பாட்டில் கொடுத்த வீடுகளுக்கும் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்