வாங்கில் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு

என் வருத்தம் என்ன, எவ்வளவு காலம் பட்டேன், எங்கெங்கே அலைந்தோம் என்பதெல்லாம் இதை வாசிக்கிற அநேகம் பேருக்குத் தெரியும். இடுப்புக்குள்ளே நோ, நிம்மதியாக இருக்க முடியாத நோ. அந்தக் கதைக்குள் திரும்பப் போகவில்லை. நேற்றிரவு இடையில் எழும்பாமல் விடியும்வரை நித்திரை கொண்டேன். இன்று காலை முன்பள்ளியில் பிள்ளைகளோடு பாயில் இருந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பாயில் இருந்தேன் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு விளங்கும். வீட்டுக்கு வந்த கையோடு இதை எழுதுகிறேன். நோ முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை, இருக்கிறது. ஆனால் இப்போது அது இருக்கிற நேரமும் உண்டு, இல்லாத நேரமும் உண்டு.

எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். முதலில், பெயர் தெரியாத ஒருவருக்கு.

இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபிக்கு) போவதா விடுவதா என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய கதையாக இருந்தது. ஸ்கானில் ஒன்றும் இல்லை, சலத்தில் கிருமி இல்லை. "பிள்ளை பெத்த பொம்பிளையளுக்கு இது இருக்கும்தானே" என்று ஓரிடத்தில் சொன்னார்கள், "மனசைத் திடமா வச்சிருங்கோ" என்று இன்னோரிடத்தில். கடைசியில் பார்த்த வீ.ஓ.ஜீ. (மகப்பேறு, பெண்நோய்) டொக்டர்தான் வயிற்றையும் இடுப்பையும் அமத்திப் பார்த்து, நான் சொன்னதை முழுதாகக் கேட்டு, இடுப்புத்தளத் தசை இறுகியிருக்கலாம், இயன்மருத்துவரிடம் காட்டுங்கள் என்று துண்டு எழுதித் தந்தார். அந்தத் தசையை உள்ளே விரல் வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்ட நாளில் இருந்து அந்தத் துண்டு கிளினிக் கொப்பிக்குள்ளேயே கிடந்தது. கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் அது தெரியும், மூடிவிடுவேன்.

ஒருநாள் போனேன். முடிவெடுத்துப் போகவில்லை, கேட்டுக்கொண்டு வருவோம் என்றுதான் போனேன்.

2009 இல் யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் இயன்மருத்துவம் என்றால் எங்கள் சனத்துக்கு மனதில் வருவது கால் போன ஆட்கள்தான். அன்றும் அந்த வாங்கில் அவர்கள்தான் இருந்தார்கள். செயற்கைக் கால் பழக வந்தவர்கள், முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டுச் சக்கர நாற்காலியில் வந்த ஒரு தம்பி, பாரிசவாதத்தில் ஒரு கை விழுந்துபோன ஐயா. அவர்களுக்கு நடுவில் கைகாலெல்லாம் சரியாக இருக்கிற நான், விரல் நீட்டிக் காட்ட முடியாத ஓரிடத்தில் நோ என்று துண்டைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அந்த இடத்தில் இருக்க உரிமை இல்லை என்று பட்டது. எழும்பிப் போவோம் என்று கைப்பையை எடுத்தேன்.

பக்கத்தில் ஒரு அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் காலைக் கழற்றி வாங்கில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே போடுகிற தடித்த காலுறையை உதறி மடியில் விரித்து, காலின் முனையை உள்ளங்கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தா. தோல் ஓரிடத்தில் சிவந்து கன்றியிருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டா.

"பிள்ளை, இருக்க ஏலாம இருக்குதோ?"

வாங்கின் நுனியில் ஒரு பக்கமாகச் சரிந்து நான் இருந்ததைக் கவனித்திருக்கிறா.

"ஓமம்மா."

"உள்ளுக்கையோ?"

"ஓம்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மனுசன் என்ன செய்கிறார், என்ன வருத்தம், ஒரு கேள்வியும் இல்லை. காலுறையைச் சுருக்கம் விழாமல் இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னா: "பொம்பிளைப் பிள்ளைதான் பாக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. கதவைச் சாத்தச் சொல்லுங்கோ. வேண்டாம் எண்டு பட்டால் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வாங்கோ, ஒருத்தரும் பேசமாட்டினம். இந்தக் காலுக்கு அளவெடுக்க வந்த நேரம் நானும் எழும்பி ஓடினனான்தான்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "தனிய உள்ளுக்குப் போகப் பயமெண்டால் நான் வந்து இருக்கிறன்" என்றா.

இவர் வெளியில் நின்றார். அவரைக் கூப்பிடவும் எனக்கு மனம் இல்லை, தனியே போகவும் மனம் இல்லை. "வாங்கோம்மா" என்றேன். என் வாயில் இருந்து அது எப்படி வந்தது என்று இன்றும் தெரியாது.

உள்ளே இருந்த இயன்மருத்துவர் சின்னப் பிள்ளை, என் மூத்த மகளைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். கூட ஒருவர் இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்று என்னிடம் தனியாகக் கேட்டா. சம்மதம் என்றதும் அம்மா கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி இருந்தா. சுவரில் முள்ளந்தண்டுப் படம் ஒன்று தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

"இண்டைக்கு நான் உங்களைத் தொடப்போறதில்லை அம்மா. கதைப்பம்" என்று தொடங்கினா மிஸ். முதலில் என்னிடம் கேட்டதெல்லாம் வேறு வருத்தங்களை விலக்கத்தான்: சலத்தில் இரத்தம் போகுதா, காய்ச்சல் வருதா, காரணம் இல்லாமல் மெலிகிறீர்களா, இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போகுதா, சலமோ மலமோ அறியாமல் போகுதா. அப்படி ஏதும் இருந்தால் பயிற்சி பிறகு, முதலில் டொக்டர் என்று சொன்னா. பிறகு தசையைப் பற்றிச் சொன்னா. முன்பக்க இடுப்பெலும்பில் இருந்து பின்னால் வாலெலும்பு வரைக்கும் ஏணைச் சீலை கட்டினது மாதிரி அந்தத் தசைகள் இருக்கின்றன. சலப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். சிலருக்கு அது தளர்ந்துபோகும். சிலருக்கு இறுகினது இறுகினபடியே நிற்கும். அப்படி இறுகி நின்றால், கீழே இருக்கும்போது நோ, சலம் போனபிறகு எரிவு, மலம் போகக் கஷ்டம், கணவன் மனைவி உறவில் நோ. ஆண்களுக்கும் இந்தத் தசை உண்டு, அவர்களுக்கும் இந்த நோ வரும் என்றும் சொன்னா. அது எனக்குப் புதுச் செய்தி.

கனடாவில் இருந்து ஒன்றுவிட்ட தங்கச்சி அனுப்பின வீடியோவில் இருந்த பயிற்சியைப் பற்றிக் கேட்டேன், உள்ளே இறுக்கிப் பிடித்து விடுகிற கெகல் பயிற்சி. அமெரிக்க டொக்டர் ஆர்னோல்ட் கெகல் 1948 இல் எழுதினது தளர்ந்த தசையைப் பலப்படுத்துவதற்கு, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சலம் கசிகிற பெண்களுக்கு அது நல்லது, ஏற்கெனவே இறுகின தசையை இன்னும் இறுக்கினால் நோ கூடலாம், உங்களுக்கு முதலில் வேண்டியது விடப் பழகுவது என்று மிஸ் சொன்னா. அதைச் செய்த நாட்களில் எனக்கு ஏன் கூடினது என்று அப்போதுதான் விளங்கினது.

பிறகு நான் பயந்த விஷயம். அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னா. கையுறை போட்டு, ஜெல் பூசி, பிறப்புவாசல் வழியாக ஒரு விரல், எந்தத் தசை நோகிறது என்று மெல்ல அமத்திப் பார்ப்பது. நான் "நிப்பாட்டுங்கோ" என்று சொன்னால் அந்த இடத்தில் நிற்கும். இன்றைக்குச் சம்மதம் என்று சொன்னால் நாளைக்கும் சம்மதம் என்று அர்த்தம் இல்லை, ஒவ்வொரு முறையும் கேட்பேன். அது வேண்டவே வேண்டாம் என்றாலும் மூச்சுப் பயிற்சி, இடுப்பையும் தொடையையும் இளக்குகிற பயிற்சி, வெளியில் இருந்து வயிற்றிலும் இடுப்பிலும் செய்கிற கைவேலை, இவற்றோடு தொடங்கலாம்.

கடைசியில் கட்டிலில் படுக்கவைத்து, ஒரு கையை வயிற்றில் வைத்து மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொன்னா. மூச்சை உள்ளே எடுக்கும்போது வயிறு எழும்பும், கீழே அந்தத் தசையும் தானாக இளகி இறங்கும் என்று சொன்னா. எனக்கு வரவில்லை. மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றது. இரண்டு பேருக்கு முன்னால் மூச்சுவிடத் தெரியாமல் படுத்திருக்கிறேனே என்று கண் கலங்கினது. அப்போது சுவர்ப்பக்கத்தில் இருந்து சத்தம் கேட்டது. அந்த அம்மா மூச்சு இழுக்கிறா, நீளமாக, எனக்குக் கேட்கட்டும் என்று. இழுத்து, நிறுத்தி, வாயால் ஊதி விடுகிறா. திரும்பவும் இழுக்கிறா. திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போனேன். கொஞ்ச நேரத்தில் என் கையின் கீழே வயிறு எழும்பினது. கீழே எதையோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அது இளகினபோதுதான் தெரிந்தது.

வெளியில் வரும்போது அவவின் முறை தாண்டிப் போயிருந்தது, முல்லைத்தீவுப் பக்கம் போகிற பஸ்ஸும் போய்விட்டது. அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மாத்தளன் பக்கம் வீடு என்று மட்டும் சொன்னா. பிறகு மிஸ் கூப்பிட, காலை ஒருமுறை நிலத்தில் ஊன்றிப் பார்த்துவிட்டு எழும்பி, "போட்டு வாறன் பிள்ளை" என்று உள்ளே போனா. பிறகு மிஸ்ஸிடம் விசாரித்தேன். மற்றவர்களின் விபரம் சொல்ல முடியாது என்றா, அது சரிதான். அதனால்தான் இப்படி எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்தும் உடனே முடிவெடுக்கவில்லை. கம்பஸில் படிக்கிற மகள் இதைப் பற்றித் தேடி வாசித்துச் சொன்னா. 2012 இல் வெளிவந்த ஒரு ஆய்வு. சலப்பை நோவும் இடுப்புத்தளத் தசையில் நோவும் இருந்த 81 பெண்கள். ஒரு பகுதியினருக்கு இந்தச் சிகிச்சை, மற்றவர்களுக்கு உடம்பு முழுக்கச் சாதாரண மசாஜ், ஒரு மணித்தியாலம் வீதம் கூடியது பத்து முறை. சிகிச்சை எடுத்தவர்களில் நூற்றுக்கு 59 பேர் நல்லாக இருக்கிறது என்றார்களாம், மசாஜ் எடுத்தவர்களில் 26 பேர். "அப்ப அம்மா, நாப்பத்தொரு பேருக்கு அப்பிடிச் சொல்லுற அளவுக்குச் சரிவரேல்லை" என்று மகளே சொன்னா. எனக்கு அந்தக் கணக்குப் பிடித்தது. நிச்சயம் சுகம் வரும் என்று எத்தனையோ பேர் சொல்லி எத்தனையோ குளிசை விழுங்கியாயிற்று. வரலாம், வராமலும் போகலாம் என்று நேராகச் சொன்ன முதல் விஷயம் இதுதான். அடுத்த கிழமை மிஸ்ஸிடம் போய், கதவு சாத்தியிருக்க வேணும், மச்சாள் கூட இருக்க வேணும், நான் சொன்னால் நிற்க வேணும் என்று சொன்னேன். மூன்றையும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டா. இறுகித்தான் இருந்தது, வலப்பக்கம் கூடுதலாக.

மற்ற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள். ஒருமுறைகூட "இன்னும் சரிவரேல்லையோ" என்று கேட்காத எங்கள் குடும்பநல மாதுவுக்கும், துண்டு எழுதித் தந்த டொக்டருக்கும், கூட வந்து கூட இருந்த மச்சாளுக்கும், கிறவல் றோட்டில் ஒவ்வொரு குழிக்கும் பிரேக் பிடித்து நடைவேகத்தில் ஓட்டோ ஓட்டின அண்ணைக்கும், வற்றாப்பளை அம்மனுக்கு எனக்காக நேர்ந்த மாமிக்கும், என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்த ரீச்சருக்கும் நன்றி. அரிவு வெட்டு நேரத்தில் வயலை விட்டுவிட்டு என்னோடு அலைந்த இவருக்கு இதில் என்ன எழுதுவது, வீட்டில் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு மேல் போன நோவை நாட்பட்ட நோ என்கிறார்கள். அவ்வளவு காலம் போனால் நரம்புகளே நோவைப் பழகிவிடும், காயம் ஆறினாலும் நோ நிற்கலாம் என்று மிஸ் சொன்னா. இதைக் கேட்டுவிட்டு நான் நினைத்தது எங்கள் ஊர்ப் பெண்களைத்தான். எத்தனை பேர் வாங்கின் நுனியில் சரிந்து இருக்கிறார்கள் என்று இப்போது எனக்குக் கண்ணில் படுகிறது. கோயிலில், பஸ்ஸில், சங்கக் கூட்டத்தில். பங்கரும் முகாமும் பார்த்த பெண்கள் நாங்கள். இது ஒரு பெரிய வருத்தமா என்று எங்களை நாங்களே அடக்கி வைத்திருக்கிறோம். எனக்குப் பொருந்தினது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். டொக்டரிடம் காட்டாமல் இதைத் தொடங்கவும் வேண்டாம். ஆனால் போய்க் கேட்கலாம். கேட்டதற்காக உடனே ஓம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாத்தளன் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது அந்த அம்மாவைத் தெரிந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்கு மூச்சு விடத் தெரியாமல் கிடந்த பிள்ளை பாயில் இருந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறா என்று சொல்லுங்கள். வீட்டுக்கு ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், இவர் கொண்டுவந்து விடுவார், பஸ்ஸைப் பார்க்கத் தேவையில்லை.

விசுவமடு, புதுக்குடியிருப்பு, தருமபுரம் பக்கத்தில் இருந்து இந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டியவர்கள், தனியே போகப் பயமென்றால் என்னிடம் சொல்லுங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்பள்ளி முடியும், அதற்குப் பிறகு எந்த நாளென்றாலும் வருவேன். என்ன வருத்தம் என்று கேட்கமாட்டேன். கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்கிறேன்.