டூத்பிரஷுக்குக் கீழே உள்ள வரி

கண்ணா,

அப்பாவுக்கு நீ அனுப்பிய பேக் லிஸ்டை நானும் பார்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. எடையைக் கூட்டிப் பார்க்கச் சொல்லி அவர்தான் என்னிடம் கொடுத்தார். ஆறு நாள், அதுவும் ஜூன் மாதக் குளிரில் டாஸ்மேனியாவின் ஓவர்லேண்ட் டிராக் நடைக்கு நன்றாகவே கட்டியிருக்கிறாய். வழியில் உள்ள ஹட்டில் படுத்தாலும் டென்ட் கட்டாயம் வேண்டும் என்பதை மறக்கவில்லை. இரண்டு ஜோடி கையுறை, ஆபத்தில் அழுத்தி உதவி கேட்கிற பி.எல்.பி. கருவி, உதிரி பேட்டரி எல்லாம் இருக்கிறது. ஸ்கூல் கேம்புக்குக் காலுறை எடுக்காமல் போன பையனா இவன் என்று அப்பா சிரித்தார்.

டூத்பிரஷுக்குக் கீழே, தீப்பெட்டிக்கு மேலே, "ரம் ஓ.பி. 700" என்று ஒரு வரி. அதற்காகத்தான் அம்மா எழுத உட்கார்ந்தாள் என்று நினைக்காதே. அப்பாவின் முழங்கால், அக்காவின் புது வீடு, எல்லாம் எழுத இருக்கிறது. முதலில் இந்த ரம்மை ஓரமாக வைத்துவிடலாம்.

கண்ணாடி பாட்டிலோடு கொண்டுபோகாதே. நீ கொண்டுபோக மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். 750 மி.லி. வைன் பாட்டிலைத் தராசில் வைத்தால் ஒன்றேகால் கிலோ காட்டும், அதில் அரைக்கிலோ வெறும் கண்ணாடி. உடைந்தால் ஸ்லீப்பிங் பேக் நனையும், துண்டுகளை அங்கே விட்டுவிட்டும் வர முடியாது. பிளாஸ்டிக் பாட்டில் போதும். வைன் என்றால் பெட்டி வைனின் உள்பை. 1965-இல் ரென்மார்க்கில் தாமஸ் ஆங்கோவ் அதைக் கண்டுபிடித்தபோது வீட்டுக் குளிர்பெட்டியைத்தான் நினைத்திருப்பார். நடைக்காரர்கள் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காலியானதும் ஊதித் தலையணையாக வைத்துக்கொள்ளலாம், மறுநாள் தண்ணீர் பிடிக்கலாம். அலுமினியக் குப்பியில் மட்டும் வைனை ஊற்றாதே, புளிப்பு உலோகத்தைத் தொட்டால் வாய் கெட்டுப்போகும்.

பார், எவ்வளவு சாதாரணமாக எழுதுகிறேன். உன் அம்மா மதுவைக் கண்டால் முகம் சுளிக்கிறவள் இல்லை என்று உனக்கே தெரியும். நீ பிறப்பதற்கு முன்பு நடைக் கிளப்போடு புளூ மவுன்டன்ஸில் பெரிஸ் லுக்டவுனில் இறங்கி அகேஷியா ஃபிளாட்டில் ராத்தங்குவோம். 1930-களில் நடைக்காரர்கள் 130 பவுண்டு திரட்டிக் கொடுத்து, வெட்டாமல் காப்பாற்றிய புளூ கம் காடு பக்கத்திலேயே இருக்கிறது. ஒருவர் ரதர்க்ளென் மஸ்கட் கொண்டுவருவார், ஒருவர் சீஸ், ஒருவர் டார்க் சாக்லெட். நான் எலுமிச்சை ஊறுகாய். மஸ்கட்டோடு அது சேரவே சேராது, ஆனாலும் எல்லோரும் கேட்டு வாங்கித் தின்பார்கள். போர்ட், மஸ்கட் மாதிரி வைன்கள் நடைக்கு ஏற்றவை, திறந்து இரண்டு மூன்று நாளானாலும் கெடாது, ஒரு வாய் போதும். ஆளுக்கு ஒரு சின்னக் கப். அதற்குமேல் யாராவது ஊற்றினால் மறுநாள் காலையில் பெரிஸின் அறுநூறு மீட்டர் ஏற்றம் அவருக்குப் பாடம் எடுத்துவிடும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். மருந்துக் கடையில் நின்றே காலத்தைக் கழித்தவள், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஓ.பி. என்றால் ஓவர்புரூஃப், 57.7 சதவீதம் ஆல்கஹால். 700 மி.லி.யில் சுமார் 320 கிராம் ஆல்கஹால். ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் 10 கிராம் என்றால் மொத்தம் 32. உனக்கு ஐந்து இரவு. இரவுக்கு ஆறுக்கு மேல் வருகிறது. 2020-இல் வந்த ஆஸ்திரேலிய அரசு வழிகாட்டுதல் வாரத்துக்குப் பத்து, ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம் என்கிறது. அதுவும் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சொன்னது.

எடை மிச்சம் என்று நீ சொல்வாய். உண்மைதான். அதே 32-ஐ வைனாகத் தூக்கினால் நான்கு பாட்டில், மூன்று கிலோ. ரம்மாகத் தூக்கினால் முக்கால் கிலோகூட வராது. நடைக்காரர்கள் ஓ.பி.யை விரும்புவதற்கு அதுதான் காரணம் என்று எனக்கும் தெரியும். நான் அந்தக் காலத்தில் பார்த்த ஓ.பி. பாட்டில் எட்டுப் பேருக்கு நடுவே இருந்தது, அவ்வளவுதான். உன் லிஸ்டில் கப் ஒன்று என்று போட்டிருக்கிறது.

அப்பாவின் முழங்காலுக்கு ஆபரேஷன் ஜூலைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அக்கா வீட்டில் சமையலறை முடிந்துவிட்டது, ஓடு நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஏன் ஜூன் என்று நான் கேட்கவில்லை. அக்டோபர் முதல் மே வரைதான் முன்பதிவு, ஜூனில் அது வேண்டாம், எந்தப் பக்கத்திலிருந்தும் நடக்கலாம், கூட்டம் இருக்காது. அதெல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் கண்ணா. காலை ஏழரை வரை வெளிச்சம் வராது. ஆளில்லாத ஹட்டில் பதினான்கு மணி நேர இருட்டு. ஒரு புத்தகம் லிஸ்டில் இல்லை. எடை பார்க்காமல் ஒன்று எடுத்துக்கொள்.

குளிருக்கு நல்லது என்று மட்டும் சொல்லாதே. நம் வீட்டில் அதைச் சொன்னவர் ஒருவர் இருந்தார், நான் சித்தப்பாவைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை. ரம் உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரியும். சூடு உடம்பின் நடுவிலிருந்து தோலுக்கு வரும். கன்னமும் கையும் கதகதப்பாகத் தெரியும், உள்ளே வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கம் என்பது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள அடிக்கிற மணி, ஆல்கஹால் அதையும் மட்டுப்படுத்திவிடும். போதாததற்குக் கல்லீரல் மதுவைச் சுத்தம் செய்கிற வேலையில் இறங்கிவிட்டால் சர்க்கரை தயாரிக்கிற வேலையில் பின்தங்கிவிடும். நாள் முழுக்க நடந்து இருப்பெல்லாம் காலியான உடம்பில் அது சின்ன விஷயம் இல்லை. அதனால் முதலில் நனைந்த துணியை மாற்று, சூடாகச் சாப்பிடு, தண்ணீர் குடி. குடிப்பதென்றால் அதற்குப் பிறகு. சாப்பிட்ட பிறகு மட்டும்.

போன வருடம் டாக்டர் எழுதிக்கொடுத்தாரே, அந்த மாத்திரை இன்னும் வைத்திருக்கிறாயா? லிஸ்டில் மருந்துப் பை என்று மட்டும் இருக்கிறது, உள்ளே என்ன என்று இல்லை. தூக்கத்துக்கான எதையும் மதுவோடு சேர்க்காதே. இரண்டும் மூச்சை மந்தமாக்கும், சேர்ந்தால் மிகவும் மந்தமாக்கும். இதை அம்மாவாகச் சொல்லவில்லை, கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவளாகச் சொல்கிறேன். கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நிற்கிற யாரிடமும் சொல்லித்தான் அனுப்புவேன்.

அப்பாவின் டிராங்கியா ஸ்பிரிட் அடுப்பை எடுத்துப் போகிறாய் போலிருக்கிறது. டாஸ்மேனியாவின் அந்தக் காட்டில் விறகு எரிக்க அனுமதி இல்லை, அதனால் அடுப்பு வேண்டியதுதான். அடுப்புக்கு ஊற்றுகிற மெத்தோவும் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) ரம்மும் ஒரே மாதிரி பாட்டிலில் வேண்டாம். மெத்தோவுக்குச் சிவப்பு மூடி போடு, மூன்று பக்கமும் பெரிதாக எழுது, வேறு பாக்கெட்டில் வை. ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் இரண்டு பாட்டிலும் ஒன்றுபோல் தெரியும். எரிந்துகொண்டிருக்கும் பர்னரில் மெத்தோ ஊற்றவே ஊற்றாதே, அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் குடிக்காமலே சுட்டுக்கொண்டவர்கள்.

நீ திறமைசாலி. அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. பதினாறு வயதில் கனங்க்ராவிலிருந்து கட்டூம்பா வரை அப்பாவுக்கு முன்னால் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நீ நடந்தாய். காக்ஸ் ஆற்றைக் கடக்க, பெரியவர்கள் சொன்ன இடத்தை விட்டுவிட்டு மேலே தள்ளி ஆழம் குறைந்த இடத்தைக் கண்டுபிடித்தாய். அதை இன்றைக்கும் விருந்தாளி வந்தால் அப்பா சொல்வார், நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே நின்று கேட்பேன். அந்தப் பையன் தீபாவளிக்கு வராததை நான் விருந்தாளிகளிடம் சொல்வதில்லை. மூன்று தடவை அழைத்தால் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். கட்டைவிரலைப் பார்த்து நான் என்ன தெரிந்துகொள்வேன்?

லேக் சென்ட் கிளேர் கரையில் நீங்கள் இரண்டு பேரும் எடுத்த படம் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. எடுத்துவிடவா என்று அப்பா கேட்டார். அது உன்னைக் கேட்டுச் செய்ய வேண்டியது என்று விட்டுவைத்திருக்கிறேன். நீ அதே பாதையில் போகிறாய் என்பது எனக்குத் தெரிகிறது. போகாதே என்று சொல்லவில்லை. நடந்தால் தீரும் என்று நினைக்கிறாய், தீரவும் தீரலாம். நடப்பதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை, கிரேடில் மேட்டில் பனிக்காற்று அடித்தால் திரும்பி வருகிற புத்தி உனக்கு உண்டு. நடந்து முடித்து, பேக்கை இறக்கிவைத்த பிறகு இருக்கிற மணி நேரங்களைப் பற்றித்தான்.

இரவில் ஒன்றுக்குப் போக வெளியே வருவாய். மரப்பலகைப் பாதை உறைந்து கண்ணாடி மாதிரி இருக்கும். நிதானமாக இருக்கிறவனுக்கே வழுக்கும். பி.எல்.பி. வைத்திருக்கிறேன் என்பாய். அதை அழுத்த ஆள் விழித்திருக்க வேண்டும் கண்ணா. பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் அழுத்துவார்.

சரி, பேரம் பேசுகிறேன். ஓ.பி.யை வீட்டில் வை. 375 மி.லி. டானி போர்ட் எடுத்துக்கொள், 18 சதவீதம். ஸ்டாண்டர்ட் கணக்கில் ஐந்து சொச்சம், ஐந்து இரவுக்கும் சரியாக வரும். வாட்டர்ஃபால் வேலியில் ஒன்று, விண்டர்மியரில் ஒன்று, பெலியனில் ஒன்று, அப்படியே. எடையும் ரம்மைவிடக் குறைவு, அப்பாவிடம் கேட்டுப் பார். அதைவிட, ஹட்டில் யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஊற்று. குளிர்காலத்தில் அங்கே வருகிறவர்கள் பேச்சுத்துணைக்கு நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். யாரும் இல்லை என்றால் ஒன்றோடு மூடிவை. சாப்பிட்ட பிறகு. சாப்பிட்ட பிறகு என்று முன்பே எழுதிவிட்டேன், பரவாயில்லை.

பேக்கின் ஜிப்பைக் கட்டி வை, அங்கே கரவாங் பறவைகள் அலகால் ஜிப்பைத் திறந்துவிடும். உன் சாக்லெட் போகும். போர்ட்டை அவை தொடாது என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு ஹட்டிலும் லாக்புக்கில் பெயர் எழுது. எத்தனை மணிக்கு வந்தாய், நாளைக்கு எங்கே என்று. அவசரத்துக்குத் தேடுகிறவர்கள் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். உன் பயணத் திட்டத்தின் ஒரு பிரதியை எனக்கு அனுப்பு. அப்பாவுக்கு அனுப்பினால் போதும் என்று நினைக்காதே, அவர் எடையை மட்டும்தான் பார்ப்பார்.

இன்னொன்று. நீ வடக்கிலிருந்து தொடங்கினால் லேக் சென்ட் கிளேரில்தான் முடிப்பாய். ஹோபார்ட்டிலிருந்து கார் எடுத்தால் இரண்டரை மணி நேரம். நான் அந்த நாளில் அங்கே வந்து நிற்கட்டுமா? எதுவும் கேட்க மாட்டேன், வண்டி மட்டும் ஓட்டுகிறேன், நீ தூங்கிக்கொண்டு வரலாம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. கட்டைவிரல் அனுப்பாதே, எழுது. விமான டிக்கெட் விலை ஏறுவதற்குள் சொன்னால் நல்லது.

அம்மா