கொம்பு இடம் மாறாதிருக்க: தமிழ்க் கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் எழுதியும் மொழிபெயர்த்தும் பரப்பியும் வரும் உங்கள் குழுக்கள் அனைத்துக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் சொல்திருத்திக்கும் நீங்கள் அளித்த உழைப்பின் பயனை நாள்தோறும் அனுபவிப்பவன் நான். அந்த உழைப்பில் ஒரு பங்கு, படங்களின் மேல் எழுத்தை வரையும் வரைகலை நிரலகங்களை (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுதிகளை) மூலநிரலிலிருந்து தொகுக்கும், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும், வேலைக்கும் வர வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். அந்த வேலையில் ஒரே ஒரு தெரிவு விடுபட்டுப் போனாலும் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடுகின்றன. சிதைந்தது யாருக்கும் தெரியாமலும் போய்விடுகிறது.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் கட்டுரைப் போட்டிக்காகச் சான்றிதழ் ஆக்கும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதிக் கொடுத்தேன். பெயர்ப் பட்டியலைப் படித்து, சான்றிதழ்ப் படத்தின் மேல் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி, அச்சுக்கு உரிய கோப்பாக மாற்றித் தருவது அதன் வேலை. படத்தின் மேல் எழுதும் பொறுப்பை, பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ நிரலகத்திடம் விட்டிருந்தேன். என் மடிக்கணினியில் எல்லாப் பெயர்களும் சரியாக வந்தன. அதே நிரலை வாடகை வழங்கியொன்றில் கண்டெய்னர் என்ற தனித்த ஓட்டச் சூழலுக்குள் ஏற்றி ஓட்டியபோது, செல்வி என்ற பெயரில் சகரம் முதலில் வந்து ஒற்றைக் கொம்பு அதன் பின்னால் நின்றது. கோகிலா என்ற பெயரில் ககரத்துக்கு முன் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு துணைக்காலோடு சேர்ந்து பின்னால் போயிருந்தது. நிரல் ஒரு பிழைச்செய்தியும் தரவில்லை. கோப்புகளை நானும் திறந்து பார்க்காமல் அனுப்பிவிட்டேன். 212 சான்றிதழ்களும் அச்சாகி வந்த பிறகு, தமிழாசிரியை ஒருவர்தாம் அதைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் சொன்னார். பார்க்காமல் அனுப்பியது என் தவறுதான். ஆனால் ஒரே நிரல், ஒரே எழுத்துரு, ஒரே பெயர்ப் பட்டியல் இருந்தும் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாகத் தமிழ் வந்தது ஏன் என்று தேடத் தொடங்கிய பிறகுதான், நிரலகத்தைத் தொகுக்கும் முறையில் இருக்கும் சிக்கல் எனக்கு விளங்கியது.

உங்களில் பலருக்குத் தெரிந்ததே என்றாலும், இதை அறியாத வாசகர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒருங்குறியில் (யூனிகோடில்) மெய்யெழுத்தின் உருவே முதலில் சேமிக்கப்படுகிறது. உயிர்க்குறி அதைத் தொடர்ந்து வருகிறது. ‘வே’ என்பதில் வகரம் முதலில், இரட்டைக் கொம்பு இரண்டாவதாக. வரையும்போது இந்த வரிசையை மாற்றிக் கொம்பை இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். ‘கொ’ என்பதில் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ஒரு பக்கமும் துணைக்காலை மறுபக்கமும் வைக்க வேண்டும். ‘டு’, ‘மூ’ போன்றவற்றில் இரண்டு குறிகளையும் சேர்த்து, எழுத்துருவில் இருக்கும் தனி வடிவத்தைத் தேடி எடுக்க வேண்டும். ‘ஸ்ரீ’ என்பதில் நான்கு குறிகள் ஒரே வடிவமாகின்றன. இந்த வேலையை ஃப்ரீடைப் என்ற எழுத்துரு நிரலகம் செய்வதில்லை. ஒரு வடிவத்தின் கோடுகளைப் புள்ளிகளாக மாற்றித் தருவதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது. எந்த வடிவம் எந்த இடத்தில் வர வேண்டும் என்று முடிவுசெய்வது ஹார்ஃப்பஸ் என்ற மற்றொரு நிரலகம். குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆஃபிஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் நாம் தமிழைச் சரியாகப் படிப்பது அதனால்தான். பில்லோ 2017இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து, ஹார்ஃப்பஸையும், எழுத்தின் திசையைக் கணக்கிடும் ஃப்ரைபிடியையும், ஃப்ரீடைப்பையும் ஒன்றாகக் கட்டும் ரக்ம் என்ற சிறு நிரலகத்தின் வழியாக இந்த ஆற்றலைப் பெறுகிறது. ரக்ம் இல்லாவிட்டால் அது அடிப்படை அமைப்புக்கு மாறி, குறிகளைச் சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அதனால் குறை எதுவும் நேராது என்பதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கும் நிரலாளருக்கு எதுவும் தெரிவதில்லை.

என் சான்றிதழ்களைக் கெடுத்தது ரக்ம் அன்று. 2021 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பிலிருந்து பில்லோவின் முன்தொகுத்த பொதிகளுக்குள் ரக்மும் ஹார்ஃப்பஸும் சேர்த்தே தரப்படுகின்றன. ஃப்ரைபிடி மட்டும் உள்ளே இல்லை. நிரல் ஓடும் நேரத்தில் அது கணினியில் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் ஏற்றிக்கொள்கிறார்கள். மேசைக் கணினியாக நிறுவிய உபுண்டுவில் அது வேறு மென்பொருள்களுக்காக ஏற்கெனவே வந்திருக்கும். இடத்தை மிச்சப்படுத்த ஒடுக்கிய கண்டெய்னர் படிமத்தில் பெரும்பாலும் இருக்காது. விண்டோஸில் நாமே தொகுத்து, நிரல் தேடும் அடைவில் வைத்தால்தான் உண்டு. ஃப்ரைபிடி என்பது அரபி, எபிரேயம் போன்று வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளின் திசையைக் கணக்கிடும் நிரலகம். இடமிருந்து வலமாக எழுதப்படும் தமிழுக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. ஆயினும் அது கிடைக்காதபோது ரக்ம் முழுவதையும் இல்லை என்றே பில்லோ கொள்வதால், பொதிக்குள் ஹார்ஃப்பஸ் இருந்தும் நம் கொம்புகள் இடம் மாறிவிடுகின்றன. டெபியன் வழி வந்த லினக்ஸ் ஓடும் வழங்கியில் இதற்குத் தீர்வு, சில நூறு கிலோபைட்டுக்கு மேற்படாத ஃப்ரைபிடிப் பொதி ஒன்றை நிறுவுவதுதான். அதை அறிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. தமிழில் தேடினேன், ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

மூலநிரலிலிருந்து தொகுப்பவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. பில்லோவைத் தொகுக்கும்போது படக் கோப்புகளுக்கான ஜேபெக், தரவைச் சுருக்கும் ஸீலிப் ஆகிய இரண்டு நிரலகங்கள் மட்டுமே கட்டாயம். எழுத்தைச் சார்ந்தவை எல்லாம் விருப்பத்துக்கு உரியவை. தொகுப்புக்குத் தேவைப்படும் ஹார்ஃப்பஸின் தலைப்புக் கோப்புகள் கிடைக்காவிட்டாலும் தொகுப்பு வெற்றிகரமாகவே முடியும். எது சேர்ந்தது, எது விடுபட்டது என்ற சுருக்கத்தை இறுதியில் அச்சிடுகிறார்கள், ஆனால் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக நிறுவும்போது விரிவான வெளியீட்டை நாமே கேட்டாலொழிய அந்தச் சுருக்கம் திரைக்கு வருவதில்லை. இதற்கு நல்ல மருந்து ஒன்று நிரலகத்திலேயே இருக்கிறது: தொகுக்கும் கட்டளையில் ரக்ம் கட்டாயம் வேண்டும் என்று குறிப்பிட்டுவிட்டால், அது கிடைக்காதபோது தொகுப்பு பிழையோடு நின்றுவிடும். அரைகுறையாகத் தொகுத்த நிரலகத்தைவிட நின்றுபோன தொகுப்பு எவ்வளவோ மேல். தமிழுக்காகத் தொகுக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கட்டாயத் தெரிவை வழக்கமாக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

தளங்கள் மாறும்போது இடர்களும் மாறுகின்றன. லினக்ஸில் மேம்பாட்டுப் பொதிகளை முதலில் நிறுவிவிட்டால் வேலை எளிது. மேக் கணினியில் ஹோம்புரூ என்ற பொதி நிறுவும் கருவி வழியாக ரக்மை நிறுவினால் சார்ந்தவையும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் இன்டெல் மேக்கிலும் ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட மேக்கிலும் ஹோம்புரூ கோப்புகளை வைக்கும் அடைவு வேறு என்பதால், பழைய கணினிக்காக எழுதிய தொகுப்புக் குறிப்பு புதியதில் நிரலகத்தைக் காணாமல் தடுமாறும். விண்டோஸில் இரண்டு வழிகள் உள்ளன. எம்எஸ்ஒய்எஸ்2 என்ற தொகுப்புச் சூழலில் ரக்ம் பொதியாகவே கிடைக்கிறது. மைக்ரோசாஃப்டின் தொகுப்பியைக் கொண்டு செய்வதாயின் சீமேக், நிஞ்சா, நாஸ்ம் ஆகிய கருவிகளைச் சேகரித்து, சார்ந்த நிரலகங்கள் அனைத்தையும் நாமே தொகுக்க வேண்டும். இதற்கான ஆயத்த நிரல் பில்லோவின் மூலத்திலேயே இருப்பது பெரிய உதவி.

ஆண்ட்ராய்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நம் மக்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதான். குழந்தைகளுக்கான தமிழ்ச் செயலிகளும் விளையாட்டுகளும் அதற்காகவே எழுதப்படுகின்றன. அங்கே தொகுப்பு நம் கணினியில் நடக்கிறது, ஆனால் விளைவு வேறு வகைச் சில்லு கொண்ட கருவியில் ஓட வேண்டும். 64 பிட் ஆர்ம், 32 பிட் ஆர்ம், போன்மிக்கான (கணினியில் கைபேசியைப் போல நடிக்கும் மென்பொருளுக்கான) எக்ஸ்86 என்று ஒவ்வொரு சில்லு வகைக்கும் தனித்தனியே தொகுக்க வேண்டும். இங்கே ஹார்ஃப்பஸ் நமக்கு எளிமையாகவே நடந்துகொள்கிறது: அதன் மூலம் முழுவதையும் உள்ளிழுக்கும் ஒரே கோப்பு இருப்பதால், அந்த ஒன்றை மட்டும் தொகுப்பியிடம் கொடுத்தால் போதும். ஃப்ரைபிடிதான் முதல்முறை தொகுப்பவரைக் குழப்பும். அது தன் எழுத்து அட்டவணைகளை ஆக்குவதற்குச் சிறு நிரல்களைத் தொகுப்பின் நடுவிலேயே உருவாக்கி ஓட்டுகிறது. அவை ஆர்முக்காகத் தொகுக்கப்பட்டுவிட்டால் நம் கணினியில் ஓடாது. எனவே இலக்குத் தளத்துக்கு ஒரு தொகுப்பியும் நம் கணினிக்கு ஒரு தொகுப்பியும் ஆக இரண்டையும் மேசான் என்ற தொகுப்புக் கருவிக்குச் சொல்லித் தர வேண்டும். இதை அறியாமல் ஒரு முழு வார இறுதியை இழந்தேன்.

இந்த வேலைக்கு இப்போது நல்ல வாய்ப்பும் அமைந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 15ஐயும் அதற்குப் பிந்தியவற்றையும் இலக்காகக் கொண்டு 2025 நவம்பர் 1 முதல் ப்ளே ஸ்டோரில் ஏற்றப்படும் செயலிகள் 16 கிலோபைட் நினைவகப் பக்கங்களை (நினைவகத்தைப் பிரித்தாளும் அலகுகளை) ஆதரிக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. அதனால் முன்பு தொகுத்து வைத்த நிரலகக் கோப்புகளைப் பலரும் புதிய கருவிகளைக் கொண்டு மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கிறது. எப்படியும் மறுபடி தொகுக்கப்போகும் அந்தச் செயலிகளில் ஹார்ஃப்பஸையும் சேர்த்துவிடும்படி அவற்றை எழுதியவர்களிடம் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது.

பில்லோவை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த மனம் வரவில்லை. விளையாட்டுகளுக்குப் பயன்படும் எஸ்டிஎல் 2 வரிசையின் எழுத்து நிரலகத்தைச் சீமேக் வழியாகத் தொகுக்கும்போது ஹார்ஃப்பஸ் தெரிவு அணைத்த நிலையிலேயே இருக்கிறது; நாமே அதை இயக்க வேண்டும். கெய்ரோ என்ற வரைகலை நிரலகத்தை எவ்வளவு சரியாகத் தொகுத்தாலும், அதன் எளிய எழுத்துச் செயற்கூறுகளால் தமிழை வரையக் கூடாது. அவற்றை ஆக்கியவர்களே விளையாட்டுப் பொருள் என்று ஆவணத்தில் குறித்திருக்கிறார்கள். பாங்கோ என்ற எழுத்து அமைப்பு நிரலகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். படங்களை மாற்றும் கருவியான இமேஜ்மேஜிக்கிடம் பதிப்பு எண்ணைக் கேட்டால் அது காட்டும் துணை நிரலகப் பட்டியலில் ரக்ம் என்ற பெயர் இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்தாலே போதும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. ஒவ்வொரு குழுவும் ஒரு தளத்தைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தில் இந்த நிரலகங்களைத் தமிழுக்கு உகந்தவாறு தொகுக்கும் வழியைத் தமிழிலேயே எழுதி, புதிய பதிப்பு வரும்போதெல்லாம் சரிபார்த்துத் திருத்தி வையுங்கள். ஒருமுறை எழுதிவிட்டுக் கைவிட்ட குறிப்பு, இரண்டே ஆண்டுகளில் படிப்பவரைத் தவறான வழியில் கொண்டுபோய் விடும். அதைவிட முக்கியமானது சோதனை. தொகுத்து முடித்ததும் ‘செல்வி’, ‘கோகிலா’, ‘கௌரி’, ‘ஸ்ரீ’, ‘வேலை’, ‘மூடு’ ஆகிய சொற்களை ஒரு படத்தில் வரைந்து, சரியான படத்தோடு ஒப்பிடும் சிறு நிரலைத் தொகுப்பின் கடைசிப் படியாக வைக்க வேண்டும். ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும், கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் உள்ளிட்டு, இரண்டு படங்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் நல்ல சோதனை. ஒருங்குறியின்படி அவை இரண்டும் சமம்.

இதோடு மூலத் திட்டங்களின் வாயிலையும் நாம் தட்ட வேண்டும். தேவநாகரி, வங்காளம், மலையாளம், சிங்களம், கெமெர் ஆகிய எழுத்துகளுக்கும் இதே சிக்கல் உண்டு என்பதால், ரக்ம் இல்லாத நிலையில் இத்தகைய எழுத்தை வரையச் சொன்னால் நிரலகம் எச்சரிக்க வேண்டும் என்ற கோரிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. அதைச் சிறந்த எடுத்துக்காட்டுகளோடு, முடிந்தால் திருத்த நிரலோடு, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும் திறன் உங்கள் குழுக்களில் இருக்கிறது. வரைகலை நிரலகங்களைப் பராமரிப்பவர்களில் பலர் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள்; தாம் படிக்க முடியாத எழுத்து சிதைந்திருப்பதை அவர்களாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

லினக்ஸுக்கும் இரண்டு வகை மேக்குக்கும் 64 பிட் ஆண்ட்ராய்டுக்கும் நான் எழுதி வைத்திருக்கும் தொகுப்புக் குறிப்புகளையும், மேலே சொன்ன சோதனைச் சொற்களையும், அவற்றுக்கான சரியான படங்களையும் பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் உங்களுக்குத் தருகிறேன். ஆர்ம் சில்லு கொண்ட விண்டோஸ் கணினி என்னிடம் இல்லை. அது வைத்திருக்கும் யாரேனும் ஒருவர் முன்வந்தால், அடுத்த வாரமே சேர்ந்து தொடங்கலாம்.

அன்புடன்,
சான்றிதழ்களை மீண்டும் அச்சிட்டுக் கொடுத்த நிரலாளர்