பீரங்கி: வாங்குவதா, செய்வதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பீரங்கியை வெளிநாட்டில் வாங்குவதா, இங்கேயே செய்வதா என்ற விவாதத்தில் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். சண்டை மூண்டால் உதிரிபாகமும் குண்டும் யார் தருவார்கள் என்பதே எனக்குப் பெரிய கேள்வி. 1986இல் ஸ்வீடனிடம் போஃபர்ஸ் என்ற அந்நாட்டு நிறுவனத்தின் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். தொழில்நுட்ப வரைபடங்களும் வந்தன. ஊழல் புகாரில் இங்கேயே செய்யும் வேலை முடங்கியது. அந்த வரைபடங்களை வைத்து ஜபல்பூரில் 'தனுஷ்' என்ற உள்நாட்டு பீரங்கி உருவாகக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1999இல் கார்கிலில் போஃபர்ஸ் கைகொடுத்தது, உண்மை. குண்டுகளுக்கோ அவசர அவசரமாக வெளிநாட்டை நாட வேண்டியிருந்தது.

சரி, இங்கே செய்தால் மட்டும் போதுமா? போதாது. தனுஷுக்கு ஜெர்மன் பேரிங் என்று சொல்லி சீன பேரிங்கைத் தள்ளிவிட்டதாக ஒரு நிறுவனத்தின் மீது 2017இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. படித்தபோது வயிறு எரிந்தது. ஓசூரில் கணினி இயக்கத்தில் உலோகம் கடையும் சின்ன சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் கடைகிறோம். அளவு தப்பிய பீஸ் நேராகப் பழைய இரும்புக்குத்தான் போகும். இந்தக் கை வேலை எங்கள் ஊரில் தாராளமாக இருக்கிறது.

ராணுவத் தளவாட உற்பத்திக்காகத் தமிழ்நாட்டில் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூரையும் சேர்த்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் 307 உள்நாட்டு பீரங்கிகளுக்கு ஒப்பந்தமும் ஆகிவிட்டது. அதில் சிறு பட்டறைகளுக்கும் பங்கு வேண்டும். உலோகப் பரிசோதனைக்கு அலையாமல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே அதற்கான கூடம் வேண்டும். அப்புறம், சிறு தொழில்களுக்கான சட்டம் சொல்கிற 45 நாளுக்குள் பணம் கைக்கு வர வேண்டும்.

– பட்டறை உரிமையாளர், ஓசூர்