பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டிய அந்தத் தாள்

மதுரை மாவட்டக் காவல் நிலையங்களில் விபத்து வழக்குகளை விசாரிக்கும் ஆய்வாளர்கள், சார்பு ஆய்வாளர்கள், ஏட்டுகள், ரைட்டர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் திருமங்கலத்தில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்து விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தி வரும் வழக்கறிஞர். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். எஃப்ஐஆர் நகலுக்கும், மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் எம்விஐ ரிப்போர்ட்டுக்கும் உங்கள் நிலைய வாசலில் அடிக்கடி வந்து நிற்பவள்தான்.

கள்ளிக்குடிப் பக்கமிருந்து ஓர் அம்மா மஞ்சள்பையோடு என்னைப் பார்க்க வந்தார். கணவர் கொத்தனார். வேலை முடிந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் நான்கு வழிச்சாலையில் வந்தவரை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்றாம் நாள் உயிர் போனது. அந்த அம்மா என்னிடம் வந்தபோது ஒரு வருஷமும் பத்து மாதமும் ஆகியிருந்தது. பைக்குள் எட்டாய் மடித்த எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ், ரேஷன் கார்டு. மூத்த பெண் கல்லூரியை விட்டுவிட்டு மில்லுக்குப் போகிறாள். ஆட்டை விற்றாயிற்று. மகளிர் குழுக் கடன் நிற்கிறது.

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "வண்டி நம்பர் தெரியலேன்னா ஒண்ணும் கெடைக்காதுன்னு ஊர்ல சொல்றாக. அப்புடித்தானா வக்கீலம்மா?"

அப்படி இல்லை. அடித்த வண்டி தெரியாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 161-ன்படி இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் தொகை. அதற்கு முன் இறப்புக்கு 25 ஆயிரமும் காயத்துக்கு 12,500-ம்தான் இருந்தது. விண்ணப்பம் வருவாய்த் துறை வழியாகப் போய், ஆட்சியர் அளவில் உத்தரவாகும். வழக்காட வேண்டியதில்லை. இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இத அன்னைக்கே ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருந்தா பக்கத்து வீட்டுப் புள்ளய விட்டுப் படிக்கச் சொல்லியிருப்பேனே" என்றார்.

அந்தத் தாளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உண்மையில் அப்படி ஒரு தாள் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளில் அதற்குப் படிவம் 2 என்று பெயர். விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமை, எந்தக் கட்டத்தில் என்ன நடக்கும் என்று விளக்கும் தாள். விபத்து நடந்த பத்து நாளுக்குள் விசாரணை அதிகாரி அதை அடிபட்டவரிடமோ குடும்பத்தாரிடமோ கொடுக்க வேண்டும் என்கிறது விதி. வண்டி தெரியாத வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் தனியாகவும் ஒன்று சொன்னது: ஒரு மாதம் முயன்றும் வண்டி விவரம் கிடைக்காவிட்டால், பிரிவு 161 இழப்பீடு கேட்கலாம் என்று நிலைய அதிகாரியே குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது. அடிபட்டு வந்த உடம்புகளை மேஜையில் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காத ஒரு மருத்துவர் போட்ட வழக்கு, நம் கள்ளிக்குடி அம்மாவின் வீட்டு வாசல் வரை வந்து சேர வேண்டியது. வந்து சேரவில்லை.

இத்தனை வருஷத்தில் என் அலுவலகத்துக்கு வந்தவர்களில் படிவம் 2-ஐக் கையில் கொண்டுவந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. உங்களைக் குற்றம் சொல்லி ஒதுங்கிக்கொள்ள இதை எழுதவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து பந்தோபஸ்து. இதற்கு நடுவில் விபத்து நடந்த இடத்துக்கு ஓடி, ரஃப் ஸ்கெட்ச் போட்டு, விபத்து விவரம் பதியும் ஐராட் செயலியில் ஏற்றி, மார்ச்சுவரி வாசலில் நின்று, எல்லாம் ஒரே ஆள் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு தாளை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

1988-ல் சட்டம் வந்தபோது, அடித்த வண்டி தெரிந்த வழக்குகளில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவுக்கு ஆறு மாதக் கெடு இருந்தது. 1994-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இருபத்தேழு வருஷத்துக்கு மேல் கெடுவே கிடையாது. "கிளைம் எப்ப வேணாலும் போடலாம்" என்பது நம் ஊர்களில் தலைமுறைப் பேச்சாகிவிட்டது. 2019-ல் வந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஆறு மாதம் திரும்பி வந்தது. டீக்கடை பெஞ்சுக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை.

நம் பக்கத்து வீடுகளில் ஆறு மாதம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். காலில் பிளேட் வைத்தவர் இரண்டாவது ஆபரேஷன் முடியட்டும் என்று இருப்பார். சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்தாலும் பணப் பேச்சை எடுக்கக் கூச்சம். "வருஷம் திரும்பட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள் பெரியவர்கள். செத்தவர் பேரைச் சொல்லிக் காசு வாங்கினார்கள் என்ற சொல் வந்துவிடக் கூடாது என்கிற மானம் அது. அந்த மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தலைத்திவசம் முடிந்து அவர்கள் பஸ் ஏறி வரும்போது கெடு முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. எனக்கு அது பெரிய ஆறுதல். இருந்தாலும் இடைக்கால உத்தரவை நம்பி ஒரு குடும்பத்தை உட்கார வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. வருகிறவர்களிடம் இன்றைக்கும் ஆறு மாதம் என்றுதான் சொல்கிறேன்.

இங்கேதான் உங்கள் கை எங்கள் கையை விடப் பெரியது. அதே சட்டம் பிரிவு 166(4) சொல்வதைப் பாருங்கள். நீங்கள் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் அறிக்கை 48 மணி நேரத்தில், விரிவான அறிக்கை 90 நாளில் போக வேண்டும் என்பது விதி. இவற்றைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொல்லி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்த அறிக்கை நேரத்துக்குப் போய்விட்டால், வக்கீல் யார் என்றே தெரியாத ஒரு கிழவியின் வழக்கும் ஆறு மாதக் கெடுவுக்குள் நீதிமன்றத்தில் நின்றுவிடும். ஏட்டு எழுதும் அறிக்கைக்குச் சட்டம் இவ்வளவு பெரிய மரியாதை கொடுத்திருக்கிறது.

தாள் வராத இடத்தில் என்ன வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். புரோக்கர் வருகிறார். வார்டில் படுத்திருக்கும் ஆளுக்கு நினைவு திரும்புவதற்கு முன்பே, வெளியே வராந்தாவில் பாய் விரித்திருக்கும் மனைவியிடம் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, வக்காலத்திலும் இரண்டு வெள்ளைத் தாளிலும் கையெழுத்து வாங்கிவிடுகிறார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சிலரும் அதற்கு உடந்தை. அதை மறைத்து உங்களிடம் நியாயம் பேச எனக்கு வாய் வராது. அவசரத்தில் பேசி முடித்து, வந்ததில் பெரும்பங்கு எங்கெங்கோ போய், வாழ்நாள் முழுக்கக் கால் இழுத்து நடக்கப் போகிறவர் கையில் சொற்பம் நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். புரோக்கருக்கு முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து, "இந்தாம்மா, இதுல எல்லாம் இருக்கு, எதுலயும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாத" என்று ஒரு தாளைக் கொடுத்திருந்தால் அந்தப் பெண் நிதானித்திருப்பாள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-க்குப் போன் செய்தால் சட்ட உதவி கிடைக்கும் என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்க்கலாம்.

எங்களால் ஆனதை நாங்களும் செய்கிறோம். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வருகிறவர்களிடம் ஒரு பக்க நோட்டீஸ் கொடுக்கிறோம். மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போய்ப் பேசுகிறோம். பார் கவுன்சில் விதி 36 எங்களை விளம்பரம் செய்யவிடாது, அது சரியான விதிதான். அதனால் நோட்டீஸில் எங்கள் பெயரோ போன் நம்பரோ இருக்காது. சட்டம் மாறினால் நோட்டீஸை மாற்றி அச்சடிப்போம். 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான பழைய 304ஏ பிரிவு இப்போது 106 என்று மாற்றினோம். எஃப்ஐஆரில் புது நம்பரைப் பார்த்துவிட்டு, கேஸை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று உங்களிடம் சண்டைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேராவது எங்கள் நோட்டீஸைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஆனால் சந்தையில் ஆட்டுக்கு விலை பேசிக்கொண்டிருப்பவரிடம் சொல்லும் சட்டம் அவர் காதில் நிற்காது. நோட்டீஸை மடித்துப் பையில் வைப்பார், சட்டையோடு துவைத்துவிடுவார்கள். அடிபட்ட அன்றைக்கு அது அவர் கைக்கு வர வேண்டும். அந்த நாளில் அவர் வீட்டுக்கு நாங்கள் போனால் கேஸ் பிடிக்க வந்ததாகத்தான் ஆகும். நீங்கள் எப்படியும் போகிறீர்கள், வாக்குமூலம் வாங்க, எஃப்ஐஆர் நகல் கொடுக்க. அந்த நகலோடு இன்னொரு தாளைப் பின் செய்துவிட்டால் போதும்.

அதிகம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி படிவம் 2-ஐ எளிய தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். வண்டி தெரியாத வழக்குகளுக்கான அறிவிப்பு தனித்தாளில் இருக்கிறது; பெயரும் தேதியும் எழுத இடம் விட்டிருக்கிறோம். உங்கள் மேலதிகாரிகளும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் படித்துப் பார்த்துத் திருத்தித் தரட்டும். எங்கள் பெயர் எங்கேயும் வேண்டாம். அச்சுச் செலவு எங்களுடையது. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்து நிலையங்களுக்கு முதலில் இருநூறு இருநூறாகக் கொண்டுவந்து தருகிறோம். உங்கள் நிலையத்தில் யாரிடம் கொடுத்தால் அது ரைட்டர் மேஜையில் எஃப்ஐஆர் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருமங்கலத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்