பட்டனைத் திருத்துங்கள், பாட்டியை விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோருக்கு டிஜிட்டல் பயிற்சி கொடுக்க வேண்டிய அவசியம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். ஆனால் தொடுதிரை முன்னால் ஒருவர் திணறினால் குறை அவரிடம்தான் என்று கட்டுரையாளர் எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டிவிட்டார். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் என்றால் எங்களுக்கு பூத் டூட்டி தப்பாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஓர் இயந்திரத்தை எவ்வளவு அநாயாசமாகக் கையாள்வார்கள் என்பதை அங்கே நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வாக்குப்பதிவு இயந்திரத்தை நம்பலாமா கூடாதா என்பது வேறு வழக்கு, அதற்குள் நான் போகவில்லை. வாக்காளரின் கை படுகிற பகுதியை மட்டும் பாருங்கள். பெயர், படம், சின்னம், அதே வரிசையில் ஒரு நீல பட்டன். ஒரு பெட்டியில் நோட்டாவையும் சேர்த்து 16 வரிசைக்கு இடம் உண்டு. பத்துப் பேர்தான் நிற்கிறார்கள் என்றால் மிச்சமுள்ள பட்டன்களை மறைத்துவிடுவார்கள், தப்பாக அமுக்குவதற்கே வழியில்லை. மொழி தேர்வு செய்யவும், முந்தைய பக்கம், உறுதி செய்யவும் என்று எந்த இழவும் கிடையாது. அமுக்கியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். விவிபாட் என்ற, ஓட்டு யாருக்குப் போனது என்று அச்சிட்டுக் காட்டும் கருவியின் கண்ணாடிக்குள் சின்னம் அச்சிட்ட சீட்டு 7 விநாடி தெரிந்து உள்ளே விழும். பிறகு ‘பீப்’ சத்தம். சந்தேகப்பட்டு இன்னும் பத்து முறை அமுக்கினாலும் ஓட்டு ஒன்றுதான். அலுவலர் தன் மேசையில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் ‘பேலட்’ பட்டனைத் தட்டினால்தான் அடுத்த ஓட்டுக்கு இயந்திரம் தயாராகும். பார்வையற்றவர்களுக்காக பட்டன் ஓரத்தில் பிரெய்லி எண்ணும் உண்டு.

ஒருமுறை மறைப்புக்குள் போன ஒரு மூதாட்டி வெளியே வரவே இல்லை. வேட்பாளர்களின் முகவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். “ஆத்தா, ஆச்சுங்களா?” என்று குரல் கொடுத்தேன். “இருங் கண்ணு, சத்தம் வரோணுமில்ல!” என்றார். சத்தம் வந்த பிறகுதான் நகர்ந்தார். செய்த வேலை முடிந்ததா இல்லையா என்பதை இயந்திரம் தானாகச் சொல்ல வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் பாடம் எடுக்கிறார்களே, அது அந்த அம்மாவுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. பணம் அனுப்பிவிட்டுத் திரையில் வட்டம் சுற்றுவதையே வெறித்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததா, இன்னொரு முறை அனுப்பவா என்று புரியாமல் நிற்கும் நமக்குத்தான் அந்தச் சத்தத்தின் அருமை தெரியும்.

இது ஒரே நாளில் வந்த ஞானமும் இல்லை. 1951-52 பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17 கோடி வாக்காளர்கள், பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அவர்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு தேர்தலை வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், வேண்டிய பெட்டியில் போட்டால் போதும் என்று முறையை மக்களுக்கு ஏற்ப வளைத்தார்கள். பின்னால் வந்த இயந்திரமும் அதே வழியில்தான் போனது. (பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர் ரங்கராஜன்தான் நம் எழுத்தாளர் சுஜாதா என்பதை உங்கள் இளைய வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

படித்தவர்கள் நிறைந்த நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில், புளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் வாக்குச்சீட்டை இரண்டு பக்கமாக விரித்து, பெயர்களை இருபுறமும் அச்சிட்டு, துளை போடும் வரிசையை நடுவில் வைத்தார்கள். இடது பக்கத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் பெயர் இரண்டாவது. ஆனால் இரண்டாவது துளை வலது பக்கத்தில் இருந்த சிறு கட்சி வேட்பாளர் புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை. புக்கானனுக்கு அங்கே 3,407 ஓட்டுகள் விழுந்தன. குழம்பி இரண்டு துளை போட்டதால் செல்லாமல் போன சீட்டுகள் 19 ஆயிரத்துக்கும் மேல். மாநிலத்தில் கோரை எதிர்த்த புஷ் வென்றது 537 ஓட்டு வித்தியாசத்தில். இதில் வேடிக்கை, முதியவர்கள் படிக்க எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றுதான் அந்தச் சீட்டை அப்படி விரித்தார்கள்! யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் கையில் நாலு சீட்டைக் கொடுத்து முன்கூட்டியே பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும்.  

இப்போது கட்டுரையாளரின் தொடுதிரைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டோக்கன் எடுக்க ஆளுயர இயந்திரம் வைத்திருக்கிறார்கள். முதல் திரை ஆங்கிலம், ‘தமிழ்’ என்ற பட்டன் மூலையில் பொடி எழுத்தில். தொட்டால் பதினைந்து இருபது துறைகளின் பட்டியல் வரும். காது வலி என்று வந்தவருக்கு அது எந்தத் துறை என்று எப்படித் தெரியும்? கண்ணாடியை எடுத்துப் போட்டுப் படிப்பதற்குள் திரை தானாக முதல் பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. ஆகவே பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி, வருகிறவர்களிடம் “என்னங்க உடம்புக்கு?” என்று கேட்டு அவனையே அமுக்க வைக்கிறார்கள். ஆள் வேண்டாம் என்று வாங்கிய இயந்திரத்துக்கு ஓர் ஆள்! அங்கே திணறுபவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தச் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

வாக்குப்பதிவு இயந்திரத்திலும் குறை இல்லாமல் இல்லை. அது வாக்காளர் பக்கம் இல்லை, எங்கள் பக்கம். காலையில் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். முடிந்ததும் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்ற வரிசையில் அமுக்கி அழிக்க வேண்டும். வரிசையை மாற்ற இயந்திரம் விடாது. மாற்றினால் வேலை செய்யாது. ஆனால் வரிசையைத் தொடங்காமலே விட்டுவிட்டால் அதற்குத் தெரியாது. மாதிரி ஓட்டுகள் மேலேயே உண்மையான ஓட்டுகள் ஏறிக்கொண்டிருக்கும். மணி ஏழாகப் போகிறது, வாசலில் வரிசை, ஒரு முகவர் சீல் விஷயத்தில் சண்டை பிடிக்கிறார், முந்தின இரவு பள்ளி பெஞ்சில் கொசுக்கடியில் தூக்கமில்லை. இந்த நிலையில் படித்த அலுவலர்களே அழிக்க மறந்துவிட்டதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் தொண்டை கிழியச் சொல்கிறார்கள், படிவத்தில் கையெழுத்தும் வாங்குகிறார்கள், அப்படியும்தான். எதை இயந்திரமே தடுக்கிறதோ அதில் எழுத்தறியாத பாட்டிகூடப் பிசகுவதில்லை. எதை ஞாபகத்தை நம்பி விட்டிருக்கிறார்களோ அதில் பட்டதாரி ஆசிரியரும் பிசகுகிறார். கட்டுரையாளர் சொல்லும் பயிற்சியின் பலம் எவ்வளவு என்று இதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். மருத்துவமனையோ வங்கியோ அரசு அலுவலகமோ, இப்படி ஓர் இயந்திரத்துக்கு பில் பாஸ் பண்ணும் முன், வரிசையில் நிற்பவர்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டு, உதவிக்கு யாரும் போகாமல், அவர்கள் போக்கில் விட்டுப் பார்க்கட்டும். விரல் எந்த இடத்தில் தயங்குகிறதோ அதைக் குறித்து, செய்து கொடுத்தவர்களிடம் திருப்பி அனுப்பட்டும். உங்கள் நிருபர் ஒருவரும் ஒரு காலை நேரம் அந்த மாதிரி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதினால் சென்ற வாரக் கட்டுரையின் மறுபக்கம் வாசகர்களுக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்